பலேர்மோத் துறைமுகமும் மகளின் படிப்புக் கோவையும்

கடந்த செப்டெம்பர் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் மகளை வழியனுப்புவதற்காகப் பலேர்மோத் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். நாப்போலி செல்லும் இரவுக் கப்பலில் ஏறி, மறுநாள் காலை அங்கிருந்து ரயில் பிடித்து அவள் வட இத்தாலிக்குப் போகவேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கையில் ஒரு சூட்கேஸ், தோளில் ஒரு பை. அவ்வளவுதான்.

"எல்லாம் எடுத்திட்டியோ பிள்ளை? சேர்ட்டிபிக்கேற் எல்லாம் எந்தப் பைக்குள்ளை?" என்று நாங்கள் கேட்டோம்.

"அம்மா, அப்பா, அது பைக்குள்ளை இல்லை. மூண்டு இடத்திலை இருக்கு. பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று எம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனத்தோடு சனமாக நாங்களும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். எங்கள் சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, தென்மராட்சியில் உறவினர் வீட்டில் ஒப்படைத்தோம். பிறகு அந்த வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. இத்தாலிக்கு வந்த பின்னர் ஒவ்வொரு படிவத்திலும் 'கல்வித் தகைமை' என்ற இடத்தில் கோடு கீறிவிட்டே கொடுத்தோம். உயர்தரம் சித்தியடைந்தவர்கள் என்பதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. பல வருடங்கள் மாடிப் படிகளைத் துடைத்தோம். எந்த வேலையும் இழிவானதல்ல. ஆனால் படித்ததைப் படித்தேன் என்று சொல்ல முடியாமற் போவது ஒரு தனி வலி.

இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு, பரீட்சை எழுதிய ஆண்டையும் சுட்டிலக்கத்தையும் கொடுத்து விண்ணப்பித்தால் பெறுபேற்றுச் சான்றிதழை மீண்டும் பெறலாம் என்பது எங்களுக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. புதிதாக வந்திருக்கும் உறவுகளே, அந்த இரண்டு எண்களையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இனி மகளின் கதைக்கு வருகிறோம். அவள் 1806 இல் நிறுவப்பட்ட பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் வடிவமைப்பு படித்தாள். மூன்று வருடப் படிப்பு, 180 புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் 25 மணித்தியால உழைப்பு என்பது கணக்கு. ஒவ்வொரு பரீட்சைக்கும் 30 க்குப் புள்ளியிடுவார்கள். 18 எடுத்தாற் சித்தி. முன்னைய காலத்தில் மாணவர் கையில் ஒரு சிறு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு பரீட்சை முடிவையும் பேராசிரியர் அதில் எழுதிக் கையொப்பமிடுவார். இப்போது அதெல்லாம் பல்கலைக்கழகத்தின் கணினியில் ஏறிவிடுகிறது.

ஆகவே பெறுபேறு தொலையாது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் பெறுபேறு வேறு, வேலைப்பாடு வேறு என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. 27 என்ற எண் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கும். அந்த 27 ஐப் பெற்றுத் தந்த வரைபடமும் மாதிரியும் மாணவரிடம்தான் இருக்கும். முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பது அந்த வேலைப்பாடுகளின் தொகுப்பைத்தான். அதற்குப் போர்ட்போலியோ என்று பெயர். வீட்டில் நாங்கள் 'படிப்புக் கோவை' என்கிறோம்.

மகளின் இரண்டாம் வருட முடிவில் அவளுடைய மடிக்கணினி ஒருநாள் திடீரென்று நின்றுபோயிற்று. திருத்துபவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவற்றை மீட்க முடியாது என்று திருப்பித் தந்தார். முதலாம் வருட வரைபடங்கள் அனைத்தும் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நாங்களும் சாப்பிடவில்லை. தகரப் பெட்டி மறுபடியும் தொலைந்தது போல இருந்தது எங்களுக்கு.

ஆனால் இம்முறை எல்லாம் போய்விடவில்லை. அவள் எதைச் செய்து முடித்தாலும் அதைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்து, கனடாவிலுள்ள மாமாவுக்கும் ஊரிலுள்ள அம்மம்மாவுக்கும் அனுப்புவது எங்கள் வழக்கம். பெருமைக்காகச் செய்த வேலைதான். மாமா அவற்றை அழிக்காமல் வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் சுருங்கித் தெளிவு குறைந்திருந்தாலும், எதை எப்போது செய்தாள் என்பதற்கு அவை சாட்சியாக இருந்தன. கட்டிலின் கீழே கட்டி வைத்திருந்த பென்சில் வரைபுகளும் கிடைத்தன. அவற்றை வைத்து நாலு வேலைகளை அவள் திரும்ப வரைந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது.

அவளுடைய கோவையின் முதல் வேலை ஒரு வாங்கு. இந்தத் துறைமுகத்தில் நாப்போலி, ஜெனோவா, தூனிஸ் கப்பல்களுக்காகக் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களைச் சிறு வயதிலிருந்தே அவள் பார்த்து வளர்ந்தவள். அவர்கள் இருக்கவும், மூட்டையைக் கண்முன்னே வைத்துக்கொள்ளவும் கூடியதாக ஒரு வாங்கை வடிவமைத்தாள். முதலில் மட்டையிற் செய்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்ந்த மாதிரியின் படத்தையும் கோவையிற் சேர்த்திருந்தாள்.

எங்களுக்கு இது பிடிக்கவில்லை. "பிழைச்சுப் போனதை ஏன் ஊருக்குக் காட்டுறாய்? நல்லதை மட்டும் போடு பிள்ளை" என்றோம். "முடிஞ்ச வாங்கை யாரும் படம் பிடிக்கலாம். ஏன் சாய்ஞ்சது, பிறகு என்ன செய்தனான் எண்டதுதான் நான் படிச்ச படிப்பு" என்றாள். எங்கள் பிள்ளைகளின் அறிக்கையில் சிவப்பு எழுத்தையே பார்த்துப் பயந்து பழகிய எங்களுக்கு அந்த மறுமொழி புதிது. யோசித்துப் பார்த்தாற் சரியாகத்தான் இருந்தது. சான்றிதழ் முடிவைச் சொல்கிறது. கோவை வந்த வழியைச் சொல்கிறது.

இது வடிவமைப்பு படிப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பொறியியல் மாணவர் தமது ஆய்வுகூட அறிக்கைகளையும், ஆசிரியத் தொழிலுக்குப் படிப்பவர் தாம் தயாரித்த பாடத் திட்டங்களையும், மொழி படிப்பவர் மொழிபெயர்ப்புகளையும் இவ்விதமே சேர்த்து வைக்கலாம். மகள் கடைப்பிடித்த முறையை இங்கே தருகிறோம்.

ஒவ்வொரு வேலையையும் முடித்த அதே வாரத்தில் பிடிஎப் ஆக்கிச் சேமிக்கவேண்டும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம் என்ற வரிசையில் தொடங்கவேண்டும். அப்போது கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கும். பக்கத்தில் பாடத்தின் பெயர், ஆண்டு, கேட்கப்பட்டது என்ன, தான் செய்தது என்ன என்று நாலு வரி எழுதவேண்டும். பலர் சேர்ந்து செய்த வேலையானால், தன் பங்கு எது என்று நேர்மையாகக் குறிப்பிட்டு மற்றவர்களின் பெயரையும் போடவேண்டும். எத்தனை பக்கம், எவ்வளவு அளவு என்பதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதி வைத்திருக்கும். அதை முதலில் வாசிக்கவேண்டும்.

பிரதிகள் மூன்று இருக்கவேண்டும். ஒன்று மடிக்கணினியில், ஒன்று வீட்டில் வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில். பல்கலைக்கழகம் தரும் மின்னஞ்சல் கணக்கிலுள்ள சேமிப்பை மட்டும் நம்பக்கூடாது. படிப்பு முடிந்த பின்னர் பல இடங்களில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். கடவுச்சீட்டு, சொஜோர்னோ அட்டை, வரி இலக்கம், வீட்டு விலாசம் என்பவற்றைப் பிறர் பார்க்கும் கோவையில் ஒருபோதும் போடக்கூடாது. அவற்றின் பிரதிகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

மேல்நிலைப் பள்ளியிற் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் இன்னொன்றையும் அறியவேண்டும். இத்தாலியக் கல்வி அமைச்சு 2023 ஒக்டோபரில் 'யூனிக்கா' என்ற தளத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வருட மாணவர்களுக்கு அதில் ஒரு மின் கோவை உண்டு. ஒவ்வொரு வருடமும் தமது சிறந்த வேலை என்று ஒன்றையாவது மாணவரே தெரிந்து அதிற் சேர்க்கவேண்டும். இதற்கு உதவப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறார். அவர் யாரென்று பிள்ளையிடம் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அவரைச் சந்தியுங்கள். மொழி தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். 'யூரோபாஸ்' என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்திலும் கல்வி, தொழில் விபரங்களையும் சான்றுகளையும் இலவசமாகச் சேர்த்து வைக்கலாம். அதில் மகள் 'தாய்மொழி: தமிழ்' என்று எழுதியிருந்ததைக் கண்டபோது எங்களுக்கு மனம் நிறைந்தது.

ஊரிற் பட்டம் பெற்றுவிட்டு அகதியாக வந்து, காகிதங்களை இழந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1997 இல் லிஸ்பனில் உருவான உடன்படிக்கை, ஆவணம் இல்லாத அகதிகளின் கல்வியையும் மதிப்பிட வழி செய்யவேண்டும் என்று நாடுகளிடம் கேட்கிறது. இத்தாலி 2002 இல் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய சபை 2017 இலிருந்து அகதிகளுக்கான கல்வித் தகைமைக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்கி வருகிறது. இருக்கும் ஆவணங்களைப் பார்த்தும் நேர்முகமாகப் பேசியும் தகைமையை மதிப்பிடுகிறார்கள். அது பட்டத்துக்குப் பதிலாகாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டுவதற்கு உதவும். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருக்கவில்லை.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பதன் விலையை எம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2005 இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பிரதியெடுத்துக் காத்து வருவதும் அந்தப் பாடத்தாற்றான். ஒரு சமூகம் செய்யும் அந்த வேலையை ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைக்காகச் செய்யவேண்டும்.

கப்பல் புறப்படும் நேரம் வந்தது. மகள் மேல் தளத்தில் நின்று கையசைத்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் நாங்கள் முதலிற் செய்தது, அலுமாரியைத் திறந்து அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. அதைப் பழைய துணி ஒன்றிற் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுத் திரும்பவும் வைத்தோம். பழக்கம் விடவில்லை.