உப்புநீரில் கிடந்த படகு

வளைகுடாவில் சேமித்த பணத்தோடு ஊர் திரும்பிய மச்சானுக்காக நாங்கள் ஒரு பழைய ஃபைபர் படகைப் பார்க்கச் சென்றோம். உரிமையாளர் வஃபாத்தான பின், ஈராண்டுகளாக அது முகத்துவாரத்து உப்புநீரிலேயே கிடந்தது. "உள்ளது உள்ளபடி; பிறகு எந்தக் குறைக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அவருடைய மகன் முன்னமே கூறிவிட்டார்.

ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்த நிபந்தனை படகு விற்பனையில் செல்லாது. உயிருள்ள பிராணியில், விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே, முன்பே இருந்த குறை வெளிப்பட்டவுடன் படகைத் திருப்பித்தரும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆயினும், கடனடைத்துத் தீர்ந்த பணத்தை ஒரு விதவையிடம் எப்படித் திரும்பக் கேட்பது? வாங்குமுன் துருவிப் பார்ப்பதே அவருக்கும் நல்லது எனக் கருதினோம்.

கரையேற்றியதும் மெக்கானிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பக்கங்களில் கணீரென்றது, எஞ்சின் மாட்டும் பின்பலகையில் மந்தமாக ஒலித்தது. ஃபைபருக்குள் இருந்த பிளைவுட் ஊறி இற்றிருந்தது. அடிப்புறத்தில் சில கொப்புளங்கள். அரிப்பைத் தான் ஏற்று எஞ்சினைக் காக்கும் துத்தநாகக் கட்டி கரைந்தே போயிருந்தது. அதன்பின் உப்பு அலுமினியத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது. மேற்புறத்தில் மட்டும் புதுச்சாயம். அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

உடற்பகுதி தேறும். எஞ்சினைப் பழைய உலோக விலைக்கே மதிப்பிட்டு, பின்பலகை மாற்றும் செலவைக் கழித்து, ஒரு தொகை கூறினோம். கணக்குத்தாளை அந்தத் தாயாரிடம் கொடுத்து, வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டச் சொன்னோம். இரண்டு ஜும்ஆ வரை காத்திருப்பதாக மச்சான் வாக்களித்திருக்கிறார்.