கல்வராயன் மலைக்கு ஒரு வண்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டுக் கச்சிராயபாளையத்தைத் தாண்டினால், வயல்களின் எல்லையில் நீலச் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை. அதற்கப்பால் சாலை வளையத் தொடங்குகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், நடுவில் ஒரு பேருந்தும் ஒரு மாட்டு மந்தையும் சந்தித்துக்கொண்டால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய அகலம். பின்வாங்குவது பெரும்பாலும் பேருந்துதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். வெள்ளிமலையும் கரியாலூரும் இங்குள்ள பெயர்பெற்ற ஊர்கள். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்பது இப்பெயரின் பொருளேயன்றிக் கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. 1976-ஆம் ஆண்டில் அரசு நேரடியாகப் பொறுப்பேற்கும் வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. கூலியின்றி உழைத்த அந்நாள்களை முதியோர் இன்னும் மறக்கவில்லை. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி, பலா ஆகியவையே அவர்களுடைய செல்வம்.

இம்மலையில் ஆங்காங்கே சிதறி வாழும் சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக மாதம் இருமுறை நான் மேலே செல்வதுண்டு. கோயில் கட்டடம் இல்லாத இடங்களில் மரத்தடியே பீடம். எங்களோடு வரும் அருட்சகோதரிகள் இருவர் திருப்பலி முடிந்ததும் மருந்துப் பெட்டியைத் திறந்து அமர்வார்கள். அப்போது சாதி சமய வேறுபாடின்றி ஊரே கூடிவிடும். உண்மையைச் சொன்னால், என் பிரசங்கத்துக்கு வருவோரைக் காட்டிலும் அவர்களுடைய பெட்டிக்கு வருவோரே மிகுதி.

முன்பு எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதை வாங்கியவன் நான். விற்றவர் பளபளக்கும் வெண்மை நிறம் பூசி, இருக்கைகளுக்குப் புது உறை போட்டு நிறுத்தியிருந்தார். நானும் நிறத்தைப் பார்த்தேன், உறையைப் பார்த்தேன், விலையைக் கேட்டு மகிழ்ந்தேன். மூன்றாவது மழைக்காலத்தில், பேறுகால வேதனையுற்ற ஒரு பெண்ணை இரவில் கீழே கொண்டுவருகையில், ஒரு வளைவில் பின்கதவு தானே திறந்துகொண்டது. கீல் பிடித்திருந்த தகடு துருவாய் உதிர்ந்து, கதவு அந்தரத்தில் ஆடியது. சகோதரி ஒருவர் அப்பெண்ணின் இடுப்பைத் தம் இரு கைகளாலும் கட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை தரையில் அமர்ந்தே வந்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கதவை நான் ஒருமுறையேனும் கையால் அசைத்துப் பார்த்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு புது வண்டி வேண்டும் என்று பங்கு மக்கள் முடிவு செய்தார்கள். கீழேயுள்ளவர்கள் பணமாகத் தந்தார்கள். மலையிலுள்ளவர்கள் வீட்டுக்கு இவ்வளவு படி என்று சாமை தந்தார்கள். அந்தச் சாமையை விற்ற பணமும் கலந்திருந்ததால், இம்முறை ஏமாறுவதற்கு எனக்கு உரிமையில்லை என்று எண்ணினேன்.

இந்நிலையில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் பங்கின் மகன் ஒருவர் கடிதமும் படங்களும் அனுப்பினார். அவரும் அவர் மனைவியும் விடுமுறைப் பிரயாணங்களுக்காக ஒரு வீட்டு வண்டி வாங்க அலைந்துகொண்டிருந்த சமயம் அது. அதற்கு அங்கே ஐந்தாம் சக்கர வண்டி என்று பெயர். இதுபோன்ற ஒன்றை நம் மலைக்கு நடமாடும் கோயிலாகவும் மருந்தகமாகவும் அமைத்தால் என்ன சாமி என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பார்த்து நானும் மயங்கித்தான் போனேன். முப்பது, நாற்பது அடி நீளம். உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியலறை. எனக்கோ அதனுள் பீடமும் நற்கருணைப் பேழையும் ஏற்கெனவே தெரிந்தன. பெயரின் காரணம் சுவையானது. நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில், முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவசமாக ஒரு வளையம் வைப்பார்கள். கிடந்தபடியே சுழலும் அதுவே ஐந்தாவது சக்கரம். இன்று சரக்கேற்றும் நீண்ட டிரெய்லர் லாரிகளில் பின்வண்டியின் முளை வந்து அமரும் தட்டுக்கும் அதே பெயர். பின்வண்டியின் பாரம் இழுக்கும் வண்டியின் வால்புறத்தில் தொங்காமல் பின்னச்சின் மேலேயே அமர்வதால், ஓட்டத்தில் அலைவு குறைவு. விமானம் கட்டுவதில் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கர் 1920-களிலேயே ஏரோகார் என்ற பெயரில் இத்தகைய வீட்டு வண்டிகளைச் செய்து விற்றார்.

திருச்சபைக்கும் இது புதிதன்று. 1907-இல் அமெரிக்காவில் புனித அந்தோனியார் பெயரால் ஒரு இரயில் பெட்டியையே கோயிலாக்கி, குருக்கள் இல்லாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு ஜெர்மனியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கருக்காக, வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற டச்சுக் குருவானவர் 1950 முதல் கோயில் வண்டிகளை ஓட்டினார். அவற்றின் எண்ணிக்கை முப்பதுக்கும் மேல் உயர்ந்தது. பசித்த அகதிகளுக்காக வீடுவீடாகப் பன்றிக் கொழுப்பு கேட்டு வாங்கியதால் ‘கொழுப்புச் சாமியார்’ என்றே அவருக்குப் பெயர். அந்தப் பெயரை நம் ஊரில் எந்தக் குருவும் விரும்பி ஏற்கமாட்டார்.

ஆனால் ஜெர்மனியின் சமவெளிச் சாலை வேறு, வெள்ளிமலைக்குப் போகும் சாலை வேறு. எங்கள் ஓட்டுநர் படத்தைப் பார்த்த உடனே தலையை ஆட்டினார். “ஃபாதர், இழுக்கிற வண்டி வளைவைச் சுற்றிடும். பின்னால வர்றது அதே தடத்துல வராதுங்க. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். நம்ம வளைவுல உள்பக்கம் பாறைதான் இருக்கு” என்றார். அத்தோடு என் மயக்கம் தெளிந்தது.

வண்டி வேண்டாமென்றாலும் அக்கடிதத்தை நான் தூக்கியெறியவில்லை. அவர்கள் இருவரும் எப்படியெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள் என்று அதில் விரிவாக எழுதியிருந்தது. அந்நாட்டிலும் மினுக்கான வண்டிகள் பல உள்ளே சொத்தையாம். சன்னமான தகட்டுக்குப் பின்னால் நுரைப்பலகை வைத்து ஒட்டிய சுவர்களில் நீர் புகுந்தால் ஒட்டு விட்டுப் புடைக்கும். சுவரோடு கன்னத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தால் அப்புடைப்பு தெரியும். முதலில் கூரைமேல் ஏறு, அடுத்துக் கீழே படு, அலங்காரத்தைக் கடைசியில் பார் என்பது அவர்கள் கற்ற பாடம். கதவருகே தரையைக் குதிகாலால் அழுத்து. அலமாரிக்குள் தலையை நுழைத்து முகர்ந்து பார். பூஞ்சை வாடை பொய் சொல்லாது. டயரின் பக்கத்திலுள்ள நான்கு எண்களைப் படி. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

இக்கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பங்கைச் சேர்ந்த மரச்சிற்ப ஆசாரியார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றவை. வாகையையும் தேக்கையும் விரல் முட்டியால் தட்டியே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லும் பரம்பரை அவருடையது.

வழியில் ஓரூரில் கைமாற்று வேன் ஒன்றைக் காட்டினார்கள். அதுவும் வெள்ளை நிறம்! ஆசாரியார் ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, வண்டியின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். கதவில் ஒட்டியது, நடுவில் ஒட்டியது. சக்கரத்துக்கு மேலே வந்ததும் கையிலேயே நின்றுவிட்டது. “சாமி, இங்க தகடே இல்லீங்க. பட்டி பூசி வச்சிருக்காங்க” என்றார். துருவின்மேல் ஒரு விரற்கடை கனத்துக்குப் பட்டி, அதன்மேல் வண்ணம். பழைய வேனின் கதவு என் கண்முன் ஆடியது. விற்பவர் விலையைக் குறைத்துக்கொண்டே எங்கள் பின்னால் தெருமுனை வரை வந்தார்.

சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், மல்லியகரை, இராசிபுரம் என்று பேருந்து மாறி நாமக்கல் சென்றோம். ஒரே பாறையின்மேல் கோட்டை அமைந்த ஊர். முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன ஊர். அங்குள்ள பாடி கட்டும் பட்டறைகளில் ஒருநாள் முழுதும் நின்றோம். மறுநாள் கரூருக்குப் போனோம். கொசுவலையும் போர்வையும் நெய்யும் அந்நகரம், பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதிலும் புகழ் பெற்றது. தகடு போர்த்தாத எலும்புக்கூடுகளாக வண்டிகள் வரிசையில் நிற்பதைக் கண்டபோது, வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்று தோன்றிற்று.

ஒரு பட்டறையின் மேஸ்திரி பொறுமைசாலி. பாடியை ஏன் சேஸிஸோடு ஒரேயடியாகப் பற்றவைத்துவிடக் கூடாது என்று கேட்டேன். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொடுக்கும். பற்றவைத்தால் அந்த இடத்திலேயே விரிசல் விடும். ஆகையால் இடையே மெத்தை கொடுத்து, யு-வடிவப் போல்ட்டுகளால் பிணைப்பார்கள் என்றார். இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை நேரே வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபடும். நடுவே நாடா ஒட்ட வேண்டும். வெல்டிங் பொட்டுப்பொட்டாக இருக்கிறதா, இழையறாமல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். சட்டத்தையும் விளக்கினார். பேருந்து பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரிக்கு 093, வீட்டு வண்டிக்கு 124 என்று தனித்தனி விதித்தொகுப்புகள் உள்ளன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவானபின் வண்டியின் அமைப்பை நம் இஷ்டப்படி மாற்ற முடியாது. ஆகவே மருந்தலமாரியோ, மடக்குப் பீடமோ, வேண்டியதை இப்போதே சொல்லுங்கள் என்றார்.

ஆசாரியாருக்கும் மேஸ்திரிக்கும் உடனே நட்பு உண்டாகிவிட்டது. தரைப் பலகையைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு மணி நேரம் வாதிட்டார்கள். பலகையின் வெட்டுமுனைகளில் நீர் உறிஞ்சாதபடி பூச்சு வேண்டும் என்பது ஆசாரியாரின் கட்சி; முனைகள் கண்ணுக்குத் தெரியாதே என்பது மற்றவரின் கட்சி. தெரியாத இடத்தில்தான் நீர் புகும் என்று சொல்லி ஆசாரியார் வென்றார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செபமாலை முழுவதையும் சொல்லி முடித்தேன்.

முடிவில், சிறிய சேஸிஸ் ஒன்றின்மேல் பதினெட்டு அடிக்கு மேற்படாத பாடி கட்ட ஒப்பந்தமாயிற்று. வேலை நடக்கையில் மும்முறை போய்ப் பார்த்தோம். முடிந்த அன்று எடைமேடையில் ஏற்றி வெறும் வண்டியின் எடையைக் குறித்து, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து கழித்து, எத்தனை பேரும் எவ்வளவு மருந்தும் ஏற்றலாம் என்று கணக்கிட்டோம். பிறகு கதவுகளை அடைத்து, நான்கு புறமும் நீர் பீய்ச்சச் செய்தோம். உள்ளே நான் மெழுகுதிரியோடு மூலைமூலையாகத் தேடினேன். பின்புற சன்னலோரம் ஒரே ஒரு சொட்டு. ரப்பரைப் பிரித்து மறுபடியும் பொருத்தி, மறுபடியும் நீர் அடித்து, உலர்ந்திருக்கக் கண்ட பிறகே மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

முதன்முறை மலையேறிய நாளில் நல்ல மழை. கோமுகி அணைக்கு மேலே சாலை முழுதும் செந்நீர் ஓடிற்று. வளைவுகளில் ஓட்டுநர் ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை. நான் பின்கதவருகே அமர்ந்து, கீலின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தேன். அது ஒரு முனகலும் இல்லாமல் வந்தது.

ஊரார் மழையிலும் கூடி நின்றார்கள். சாமை தந்த கிழவி ஒருத்தி முன்னால் வந்தாள். பக்கவாட்டைத் தடவினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு படியில் காலை வைக்க முயன்று, சேலையைச் சற்று உயர்த்தி, மறுபடியும் முயன்று, கீழே இறங்கி நின்றாள்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு சாமி. ஏறத்தான் முடியல” என்றாள்.

கூரையைப் பார்த்தோம், சட்டத்தைப் பார்த்தோம், டயரின் எண்ணைப் படித்தோம். முட்டிவலி உள்ள ஒரு பாட்டியின் கால் எவ்வளவு உயரும் என்று மட்டும் யாரும் அளக்கவில்லை. ஆசாரியார் அவளருகே குந்தி அமர்ந்து, தரைக்கும் படிக்கும் இடையிலுள்ள உயரத்தைத் தம் சாணால் அளந்தார். அடுத்த முறை நாங்கள் போகையில் பலாமரத்தில் கடைந்த அகலமான முக்காலி ஒன்று வண்டியில் வந்தது. அடியில் நான்கு ரப்பர்க் குமிழ்கள்; வெட்டுமுனைகளில் பூச்சு. கிழவிதான் முதலில் ஏறினாள்.