தொண்ணூறைத் தாண்டும் பக்கம்

தொண்ணூறு டிகிரியைத் தாண்டும் இடத்தில்தான் ஒரு திரிகோணமிதிப் புத்தகத்தின் குணம் தெரியும். அதுவரை எல்லாப் புத்தகமும் ஒன்றுபோலத்தான் போகும். செங்கோண முக்கோணம் வரைந்து, எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்று பெயர் எழுதி, எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் 120 டிகிரிக்கு சைன் எது? செங்கோண முக்கோணத்துக்குள் அந்தக் கோணம் நுழையவே முடியாதே. இந்தக் கேள்வி படிப்பவருக்கு எழும் என்று மதித்து, ஆரம் ஒன்றாக உள்ள வட்டத்தை வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளியை நகர்த்திக் காட்டி, அந்தப் புள்ளி கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவே இனி சைன் என்று பொறுமையாகச் சொல்லும் புத்தகம் தனியாகப் படிப்பவருக்கு ஆகும். 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' என்று மட்டும் சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போகிற புத்தகம் ஆகாது.

எங்கள் வகுப்பில் அந்த டீ கப்பைப் பாட்டாகவே சொல்வோம். முதல் கால்பகுதியில் எல்லாம் மிகை, இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டேன், நான்காவதில் காஸ். தேர்வுக்கு அது போதுமாயிருந்தது. எங்களுக்கு ஆசிரியர் இருந்தார், கேட்டால் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்குவார்.

என் தங்கை மகளுக்கு அப்படி யாரும் இல்லை. பி.காம் முடித்தவள், இப்போது கணினி விளையாட்டுகள் செய்யக் கற்றுக்கொள்கிறாள். திரையில் ஓர் உருவத்தைச் சுழற்ற வேண்டுமென்றால் சைனும் காஸும் வந்துவிடுகின்றன, அதுவும் முழுச் சுற்றுக்கும். "பெரியம்மா, ட்ரிக்னாமெட்ரிய முதல்லேர்ந்து படிக்கணும். ஒரே ஒரு புக் சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். ஒரே ஒரு புத்தகம் என்றதும் எனக்கு நினைவு வந்தது அப்பாவின் தகரப் பெட்டி.

அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களையும் மதகுகளையும் அளந்தே வாழ்நாள் போயிற்று. பெட்டியில் இரண்டு புத்தகங்கள் எப்போதும் இருக்கும்: கிளார்க் டேபிள்ஸ் என்ற கணித அட்டவணை, லோனியின் திரிகோணமிதி. எங்களைக் கோயில் வாசலுக்கு அழைத்துப் போய், கோபுரத்திலிருந்து தள்ளி நின்று கோணம் பார்க்கச் சொல்வார். "ஒரு பக்கத்த சரியா அளந்துட்டாப் போதும் பாப்பா, மிச்சத்த கோணமே சொல்லிடும்" என்பார். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கிடைத்துவிடும் என்கிற சைன் விதிதான் அது. பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனது இந்த விதியின் பலத்தில்தான். காவிரிச் சமவெளியில் ஏறிப் பார்க்க மலை இல்லை. அதனால் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாகிவிட்டது. லாம்டன் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கருவிக்காக வருத்தப்படுவார்.

லோனியின் 'பிளேன் ட்ரிக்னாமெட்ரி' 1893இல் வந்தது. இன்றும் மலிவுப் பதிப்பாகக் கிடைக்கிறது. அதைச் சிபாரிசு செய்பவர்கள் உடனே ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். கும்பகோணத்தில் அவர் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடமிருந்து இரவல் வாங்கி, பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் ராமானுஜனுக்குப் போதுமாயிருந்தது என்பது நமக்கு வாங்கித்தரக் காரணமாகாது. அவர் கதையில் என் மனத்தில் தங்கியது வேறொன்று. சைனுக்கும் அடுக்குக்குறிச் சார்புக்கும் உள்ள உறவை அவர் தாமாகவே கண்டுபிடித்தார். அதை ஆய்லர் எப்போதோ கண்டுவிட்டார் என்று தெரிந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்துவிட்டாராம். பக்கத்தில் இருந்து சொல்ல ஆளில்லாமல் படிக்கிறவர் எவருக்கும் அந்தக் கூச்சம் புரியும். செய்தது சரியா, இது முன்பே தெரிந்ததா என்பதைக்கூடப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் பின்பக்கத்தில் விடை இல்லாத புத்தகத்தை நான் தனியாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்த வகையில் லோனி நல்ல துணை. எளிய கணக்கில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும், கடைசியில் விடை உண்டு. ஆனால் கோண அளவைகளில் தொடங்கி, செங்கோணத்தை நூறு பாகமாக்கும், இன்று நமக்கு வேண்டாத ஒரு முறையையும் கூடவே நடத்துவார். படம் குறைவு, ஆங்கிலம் பழசு. முதல் புத்தகமாக அது பாரம். டிகிரிக்கு மாற்றான ரேடியன் அளவை அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது மட்டும் எனக்குப் பிடிக்கும். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும்போது சைன் 30 என்று தட்டினால் அரை வராது, மைனஸ் 0.988 வரும். யாரும் சொல்லித்தராத பிள்ளை அங்கே தன்மேல்தான் சந்தேகப்படும்.

பேச்சு எங்கோ ஓடிவிட்டது, முதல் புத்தகத்துக்கு வருகிறேன். கணிதவியலாளர் இஸ்ரேல் கெல்ஃபான்ட் 1964இல் சோவியத் நாட்டில் ஓர் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி தொடங்கினார், பெருநகரங்களுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்காக. பல ஆண்டுகள் கழித்து அவரும் மார்க் சாலும் சேர்ந்து எழுதிய 'ட்ரிக்னாமெட்ரி' 2001இல் வந்தது. எதிரில் இல்லாத மாணவருக்குக் கடிதத்தில் கற்பித்த பழக்கம் அதன் நடையில் தெரிகிறது. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூடினால் ஒன்று என்பதை மனப்பாட முற்றொருமையாக அது நீட்டுவதில்லை. பிதாகரஸ் தேற்றத்தையே கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இதுதான் வருகிறது என்று நம்மைக் கண்டுகொள்ளவைக்கிறது.

ஆங்கிலம் தடையாக இருந்தால் நம் பாடநூல்களே போதும். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களில் உள்ள முக்கோணவியல் பாடங்களை வரிசையாக வைத்துப் படித்தால் விகிதம், ஏற்றக்கோணம், வட்டம் எல்லாம் தமிழில் கிடைக்கின்றன, இணையத்தில் இலவசமாக. இதை இளக்காரமாக நினைப்பவர்கள் திறந்து பார்க்காதவர்கள்.

அவள் ஒன்று கேட்டாள், நான் மூன்று சொன்னேன். முதலில் பாடநூல். கூடவே கெல்ஃபான்ட், மெதுவாக, தாளில் வரைந்து வரைந்து. கை பழகுவதற்கு லோனி முதல் பாகம். அதிலுள்ள உயரமும் தூரமும் கணக்குகளை ஒன்றுகூட விடாமல் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் பாகத்தை இப்போது வாங்க வேண்டாம், அதற்கு முன் கலப்பெண் கொஞ்சம் பழகட்டும்.