சாத்தாங்காட்டுக் குழாய்களும் துப்பாக்கிக் குழலும்

திருவொற்றியூரிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயைக் கடந்து சாத்தாங்காடு சென்றால், இரும்புச் சந்தையில் குழாய்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். ஒவ்வொன்றும் அடிமுதல் நுனிவரை ஒரே அகலம். ரவைத் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் அப்படியன்று. நுனியில் சற்றே குறுகியிருக்கும். இக்குறுக்கத்துக்கே 'சோக்' என்று பெயர். முழுச் சோக் என்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்! ஆயினும் 40 கஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு 70 ரவைகள் விழும். குறுக்கமற்ற குழலிலோ சுமார் 40.

வெள்ளைக்காரத் துரைமார் சென்னை மாகாணத்து நெல்வயல்களில் உள்ளான் சுட்டு வந்தார்கள். (சேற்றில் இறங்கிப் பொறுக்கி வந்தவர்கள் நம்மவர்கள்.) காலடியிலிருந்து கிளம்பிக் கோணல்மாணலாய்ப் பறக்கும் அதற்குத் திறந்த குழலே தகும், முழுச் சோக்கில் குறி தப்பும், தப்பாவிடில் பறவை சிதைந்துபோகும். தொலைவில் பறக்கும் தாராவைத் திறந்த குழலால் சுடுவதோ மகா பாவம். ஓரிரு ரவையைத் தாங்கிக்கொண்டு, எங்கோ கோரைக்குள் விழுந்து மெல்ல மெல்லச் சாகும்.

1972-ஆம் வருஷத்துச் சட்டமும் 1991-ஆம் வருஷத்துத் திருத்தமும் அவ்வேட்டையை ஒழித்தன. இன்று குறியாவது களிமண் தட்டு. பெயர்தான் களிமண், பொருள் கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும். 'ட்ராப்' பந்தயத்தில் தட்டு விலகி ஓடுவதால் இறுகிய சோக் வேண்டும். 'ஸ்கீட்'டில் அருகே குறுக்காகப் பாய்வதால் திறந்த குழல். புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருதிவிராஜ், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 'ட்ராப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். பறவை ஒன்றும் விழவில்லை.