சுண்ணாம்பு நீரில் ஓர் ஏடு

பூசணி மிட்டாய்க்குத் துண்டங்களை ஊறப்போட, சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை இறுத்து வைப்போமல்லவா? அதைச் சற்று நேரம் மூடாமல் விட்டால், பாலில் படிவதுபோல் மேலே மெல்லிய ஏடு படியும். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கலந்து செய்கிற வேலை அது. அந்த ஏட்டை வழித்து எறிவதுதான் வீட்டு வழக்கம்.

ஜெர்மனியில், பாட்ஸ்டாம் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஃப்ராட்ஸல் முதலிய விஞ்ஞானிகள் அதை எறியவில்லை! சுண்ணாம்புத் தெளிவில் சோப்பின் குணமுள்ள ஒரு சரக்கைத் துளி சேர்த்துக் காற்றாட வைத்தார்கள். அடுப்பு இல்லை, அச்சு இல்லை. படிந்த ஏட்டில் ஒரே அளவான குட்டிக் குட்டி அரைக்கோளங்கள், தலைமயிரின் பருமன்கூட இல்லாதவை, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒளியைக் குவிக்கும் வில்லை! 2012-ல் இதை வெளியிட்டார்கள்.

என் மாமியாருக்குக் கண்புரை சிகிச்சை ஆகி ஆறு மாதம். படித்துச் சொன்னதும், "எனக்கு ஒரு கண்ணாடி பண்ணித் தருவாளோ?" என்றார். "இது உங்கள் மூக்குக்கு இல்லை, அம்மா. கைப்பேசிக் காமிராவுக்குள்ளே பிசினால் செய்த இந்த மாதிரிப் பொடி வில்லைகள் வரிசையாய் இருக்கின்றன, அந்த ஜாதி" என்றேன். அவருக்கு ஏமாற்றந்தான்.

இதற்கு முன்மாதிரி ஒரு கடல் பிராணி. நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தொட்டால் ஒடிகிற ஐந்து கைகள். 2001-ல் ஜோன்னா ஐசன்பர்க் என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் அதன் சுண்ணாம்பு எலும்பிலேயே வில்லைகள் இருப்பதைக் காட்டினார்கள். கால்ஸைட் என்ற அந்தச் சுண்ணாம்புப் படிகத்தின் வழியே பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரியும். அந்தப் பிராணியோ, உருவம் இரட்டிக்காத திசை பார்த்துப் படிகத்தை வளர்த்திருக்கிறது. நம்மூர் வைரத் தொழிலாளிகூட மூக்கில் விரல் வைப்பார்!

உடம்பெல்லாம் கண் என்று உலகம் அதைக் கொண்டாடியது. 2018-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, ஒளியை உணரும் அணுக்கள் அதன் தோல் முழுவதும் இருந்தன. வில்லைகளுக்கு அடியில் மட்டும் இல்லை. பார்ப்பதற்கு அது வில்லைகளை உபயோகிக்கவில்லையாம். எனக்கென்னவோ இதனால் அதன்மேல் மதிப்புக் குறையவில்லை. அதைப் பார்த்துச் செய்த ஏடு ஒளியைக் குவிக்கத்தானே செய்கிறது?