ஆறு இருந்தால்தான் ஆத்தூர்

ஊர் ஆத்தூர் என்று சொன்னால் காலேஜில் வரும் முதல் கேள்வி, "எந்த ஆத்தூர்?" திண்டுக்கல் பக்கம் ஒன்று, தூத்துக்குடி பக்கம் ஒன்று என்று நிறைய இருக்கிறதே! எங்களுடையது சேலம் மாவட்டம். அடுத்த கேள்வி, "அங்க பார்க்க என்னடா இருக்கு?" அதற்குப் பதில்தான் இது.

ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஆற்றூர். அதுதான் பேச்சில் ஆத்தூர். எங்கள் ஆறு வசிஷ்ட நதி. பின்னால் சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறு ஆகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. எங்கள் பக்கம் பார்க்க வேண்டியவற்றில் பலவும் இந்த ஆற்றை ஒட்டித்தான் இருக்கின்றன.

முதலில் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் லட்சுமண நாயக்கர் என்ற பாளையக்காரர் கட்டியது. வேட்டைக்குப் போன இடத்தில் அவருக்குப் புதையல் கிடைத்ததாம், அதை வைத்துக் கட்டினாராம்! இது கதை. வரலாறு என்னவென்றால், மைசூர்க்காரர்களிடம் இருந்த இந்தக் கோட்டையை 1768-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது, ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். கடைசியில் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம் சீமையையே கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் பலருக்கு "கோட்டை" என்றால் ஒரு ஏரியா பெயர், அவ்வளவுதான்.

அடுத்தது கோயில்கள். பஞ்சபூதத் தலம் என்றால் காஞ்சிபுரம், சிதம்பரம் என்றுதான் நினைப்போம். வசிஷ்ட நதிக்கரையிலும் ஐந்து உண்டு. பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் காயநிர்மலேஸ்வரர் நெருப்பு, ஆறகளூர் காற்று, கூகையூர் ஆகாயம். ஆற்றோடு கிழக்கே போனால் வரிசையாக ஐந்தையும் பார்த்துவிடலாம். இதில் ஆறகளூர் சாதாரண ஊர் இல்லை. வாணகோவரையர்கள் ஆண்ட மகதை மண்டலத்தின் தலைநகர். ஆறு அகழிகள் இருந்ததால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே தியாகனூரில் தியானத்தில் உட்கார்ந்திருக்கும் புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒரே வட்டாரத்தில் சிவனும் புத்தரும்!

இப்போது வெளியூர்க்காரர்கள் கேட்டு வருவது புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகனைத்தான். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் நடந்தது. உயரம் 146 அடி, மலேசியா பத்துமலை முருகனை விட 6 அடி அதிகம். ஹைவேயில் போகும் பஸ்ஸிலிருந்தே தெரியும். எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கே இறங்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கோட்டை வரைக்கும் வருகிறார்கள்?

அது கூடப் பரவாயில்லை. கோட்டைச் சுவரும் கோயிலும் இன்னும் நூறு வருடம் நிற்கும். ஆறு நிற்குமா? புழுதிக்குட்டையில் ஆணைமடுவு அணை இருக்கிறது, நல்ல மழை பெய்தால்தான் அங்கிருந்து தண்ணீர் வரும். மற்ற நாட்களில் ஊருக்குள் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை நீர். நம் ஊர் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். கிணற்றுக்கும் போருக்கும் ஊற்று கொடுப்பது இந்த ஆறுதான். காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஊரின் பெரிய சொத்து இதுதான். ஆனால் வருடா வருடம் தேய்மானம் ஆவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கோட்டை ஏன் இங்கே? ஐந்து கோயில் ஏன் ஒரே வரிசையில்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஆறு. அது போய்விட்டால் மிச்சமெல்லாம் காரணம் தெரியாத கல்தான்.

முருகனைப் பார்க்க வரும் நண்பர்கள் தயவுசெய்து இன்னும் கொஞ்ச தூரம் வந்து கோட்டையையும் பாருங்கள். அப்படியே பாலத்தில் நின்று ஆற்றையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூக்கை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும், பரவாயில்லை. பார்த்தால்தானே நாலு பேரிடம் சொல்லத் தோன்றும்!