இடது இருக்கையில் அப்பா

“சத்தம் கேக்குதுய்யா. வார்த்தைதான் கேக்கல.”

காரில் புதிதாக ஸ்பீக்கர் மாட்டிய அன்று, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெருமையாகப் பாட்டுப் போட்டேன். அப்போது அவர் சொன்னது இது. நான்காயிரம் வெள்ளி செலவழித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

நான் வானொலி அறிவிப்பாளன். குரலை வைத்துப் பிழைப்பவன். பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போகும் அந்தச் சாலையில் பாட்டுதான் எனக்குத் துணை. அதனால் நல்ல ‘முன்மேடை’ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முன்மேடை என்றால் வேறொன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால், நடுவில் பாடகர் நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டும். வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதற்குப் பின்னிருக்கை ஸ்பீக்கர்கள் தேவையில்லை. முன்னால் இருப்பவையே போதும்.

முதலில் ஏமாந்தேன். ஒரு கடையில், பலகையில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களில் எது பளிச்சென்று கேட்டதோ அதை வாங்கினேன். கடையில் நான் நின்றது பலகைக்கு நேர் எதிரே, நடுவில். காரில் யார் நடுவில் உட்காருகிறார்கள்? பாடகி என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்.

பொந்தியானில் கார் ஆடியோ வேலை செய்யும் சீன நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் விலைப் பட்டியலை எடுக்கவில்லை, அளவு நாடாவை எடுத்தார். என் காதிலிருந்து வலது ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டர், இடது ஸ்பீக்கர் 125 சென்டிமீட்டர். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும். எனவே வலது பக்க ஒலி ஒரு மில்லி விநாடிக்கும் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. முதலில் வரும் பக்கத்திலேயே பாடகர் நிற்பதாகக் காது நம்பிவிடும். டி.எஸ்.பி. என்ற கருவியால் வலது பக்கத்தைத் தாமதப்படுத்தினால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.

அடுத்து அவர் சொன்னது ஓர் அறிவிப்பாளனுக்கு உடனே புரிந்தது. சாதாரண இரண்டு துண்டு ஸ்பீக்கரில், ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கதவில் இருக்கும் பெரியது பாடும். மேலே உள்ளதைக் கண்ணாடி ஓரத்து டுவீட்டர் பாடும். மனிதக் குரல் அந்த எல்லையின் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. உயிரெழுத்தின் கனம் கீழே. ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேலே. ஒரே சொல்லின் பாதி கதவிலிருந்தும் பாதி கண்ணாடி ஓரத்திலிருந்தும் வந்தால் பாடகர் எங்கே நிற்பார்?

ஆகவே மூன்று துண்டு அமைப்பு. கதவில் ஆறரை அங்குலம், கண்ணாடித் தூணில் மூன்று அங்குலம், அதன் மேல் ஒரு சிறிய டுவீட்டர். குரலின் பெரும்பகுதியை அந்த மூன்று அங்குலமே சுமக்கும். “டுவீட்டர் விலையைக் குறை. இதுக்குச் செலவு பண்ணு. அதுக்கும் முன்னாடி கதவுத் தகடு அதிராம ஒட்டு” என்றார். அப்படியே செய்தோம். பாடகி முழங்காலை விட்டு எழுந்து, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்.

அந்த மகிழ்ச்சியில்தான் அப்பாவை அழைத்துப் போனேன்.

அப்பா செம்பனை ஆலையில், கொதிகலன் பக்கத்தில் 27 வருடம் வேலை செய்தவர். காதடைப்பான் போட்டு நான் பார்த்ததில்லை. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2019-இல் இங்கே விதிமுறை வந்தது. அதற்குள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான், போனது திரும்பாது. அந்தக் காதுக்கு ‘பாடு’, ‘காடு’, ‘சாடு’ எல்லாம் ஒன்றே. வீட்டில் தொலைக்காட்சியை அவர் அலறவிடும்போதெல்லாம் நான் சண்டை போட்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் கூடுவது சத்தம் மட்டுமே, மெய்யெழுத்து அல்ல. இது எனக்குப் புரிய நான்காயிரம் வெள்ளி ஆனது.

இன்னொன்றும் புரிந்தது. எனக்காக வலது பக்கத்தைத் தாமதப்படுத்தியிருந்தேன். இடது இருக்கையில் இருப்பவருக்கு வலது ஸ்பீக்கர் ஏற்கெனவே தூரம். அதோடு தாமதமும் சேர்ந்து, அவருடைய கோளாறை இரண்டு மடங்காக்கியிருந்தேன். என் மேடையில் அப்பாவுக்கு இடமே இல்லை.

மறுபடியும் நண்பரிடம் போனோம். டி.எஸ்.பி.யில் இரண்டு அமைப்புகளைப் பதிந்து கொடுத்தார். ஒன்று நான் தனியாகப் போகும்போது. இன்னொன்று இருவரும் போகும்போது. இரண்டாவதில் தாமதம் இல்லை. குரல் நடுவில் நிற்காது, கொஞ்சம் நகரும். மெய்யொலிப் பகுதியைச் சற்றே தூக்கி, தாளத்தைக் குறைத்தார். எது நல்ல ஒலி என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நான் செய்தி வாசித்த பழைய பதிவு ஒன்றைப் போட்டு, “என்ன சொன்னான்?” என்று அப்பாவைக் கேட்டார். பாதி சரியாகச் சொன்னார்.

மீதிப் பாதி ஸ்பீக்கரால் ஆகிற காரியமில்லை. அப்பாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். “வயசானா அப்படித்தான்” என்று மறுத்தார். நான் கொஞ்சம் கெஞ்சினேன். அம்மா கொஞ்சம் அதட்டினார். இப்போது காதுக்கருவி போட்டிருக்கிறார்.

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நன்றாகத் தெரிந்த ஒரு குரலின் பதிவைக் கொண்டு போங்கள். பக்கத்து இருக்கையிலும் ஒருவரை உட்கார வையுங்கள்.

போன வாரம் இருவரும் பெக்கான் நனாஸ் வழியாக வந்துகொண்டிருந்தோம். பழைய பாட்டு ஒன்று ஓடியது. அப்பா கையை நீட்டினார். கூட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏன்யா இவ்வளவு சத்தம்?” என்று குறைத்தார்.